6 கலை இடைவெளி: 2020 வியாழன்–சனி நெருக்கத்தைத் தொலைநோக்கியில் படமெடுக்கப் போட்ட கணக்குகள்

2020 டிசம்பர் 21 அன்று மாலை, வானில் வியாழனும் சனியும் 6.1 கலை இடைவெளி வரை நெருங்கி வந்தன. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் அகலம் ஏறக்குறைய 30 கலை என்பதால், நிலவின் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டு பெருங்கோள்கள். இந்த இரண்டும் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை அருகருகே வரும். ஆனால் இவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் வந்தது 1623-இல். இதே அளவு நெருக்கம் மறுபடி வரப்போவது 2080 மார்ச்சில். சாதாரணமாக ஒரு கோளைப் பெரிதாக்கிப் பார்க்கும் தொலைநோக்கியில், அன்று இரண்டையும் ஒரே சட்டத்தில் (ஃப்ரேமில்) பார்க்க முடிந்தது.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம், இதில் எல்லாக் கணக்கும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்ததுதான். பிம்பத்தின் அளவைத் தீர்மானிக்கும் குவியத் தூரத்தை மாற்றினால் ஷட்டர் நேரம் மாறும். ஷட்டர் நேரம் மாறினால் கோள் நகர்ந்து மங்கும். மங்கலைக் குறைக்கப் போனால் சனி இருட்டாகிவிடும். மாலையில் கிடைப்பதோ மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஐபீஸ் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே காகிதத்தில் முடித்தாக வேண்டும்.

என்னிடம் இருந்தவை: 203 மில்லிமீட்டர் ஆடியும் 1000 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட, மோட்டார் இல்லாத 8 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி), 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமரா, அதன் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம், 14.9 மில்லிமீட்டர் உயரம், ஒவ்வொரு பிக்சலும் 3.72 மைக்ரான், குவியத் தூரத்தைக் கூட்டித் தரும் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸ். கோள்களின் அன்றைய அளவும் தூரமும் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் இணையச் சேவையிலும் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளிலும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். வியாழனின் விட்டம் 33 விகலை. சனியின் உருண்டை 15 விகலைதான், ஆனால் வளையத்தோடு சேர்த்தால் 35. அதாவது சட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம்.

எத்தனை மணிக்கு?

முதலில் நேரம். சென்னை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் சூரியன் 5:47 அளவில் மறைகிறது. இரண்டு கோள்களும் சூரியனிலிருந்து 30 பாகை தள்ளி இருந்தன. 8 மணியை ஒட்டி அவையும் மறைந்துவிடும். கணக்குப் போட்டால் 6:15-க்கு அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம், 6:30-க்கு 20, 6:45-க்கு 17, 7 மணிக்கு 13½.

உயரம் 20 பாகை என்றால், தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட 2.9 மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறோம். 13½ பாகையில் 4.2 மடங்கு. காற்றின் அலைவால் வரும் மங்கல், இந்த மடங்கின் 0.6 அடுக்குப்படி கூடும். தலைக்கு மேலே நல்ல இரவில் 1.5 விகலை இருக்கும் மங்கல், 20 பாகையில் 2.8 விகலை ஆகிவிடும். இந்த ஒரு எண்ணை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பல வீண் ஆசைகள் தானாகவே விலகும். 8 அங்குல ஆடியின் இயல்பான பிரிதிறன் 0.6 விகலையை ஒட்டியது. அன்று காற்று அதைத் தொடவிடாது.

அந்திவெளிச்சம் தொந்தரவா என்று பலரும் கேட்டார்கள். கோள்களுக்குத் தொந்தரவில்லை. ஒரு விகலைச் சதுரத்துக்கு வியாழன் தரும் வெளிச்சம் 6:15 மணி வானத்தைவிடப் பல மடங்கு அதிகம். துணைக்கோள்கள்தான் அந்திவெளிச்சத்தில் அமுங்கும். அதனால் இருட்டட்டும் என்று காத்திருப்பதைவிட, கோள் உயரமாக இருக்கும்போதே தொடங்குவது மேல். நான் 6:10 முதல் 7 மணி வரை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு சந்தேகமும் வரும். மிக நெருங்கிய கணம் இந்தியாவில் கோள்கள் மறைந்த பிறகு, இரவில்தான் வந்தது. நமக்கு நஷ்டமா? வியாழன் சனியைக் கடக்கும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 6 கலை. ஐந்து மணி நேரம் முந்திப் பார்த்தால் பாதையில் 1.3 கலை பின்னால் இருக்கும். நெருங்கிய தூரமான 6.1-உம் இந்த 1.3-உம் ஒன்றுக்கொன்று செங்குத்து. பிதாகரஸ் தேற்றப்படி இடைவெளி 6.2 கலை. ஒன்றும் இழக்கவில்லை.

சட்டமும் பிக்சலும்

சட்டத்தில் எவ்வளவு வானம் விழும் என்று பார்க்க, சென்சார் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து 3438-ஆல் பெருக்கினால் கலையில் விடை வரும். ஒரு பிக்சல் எவ்வளவு வானத்தைப் பிடிக்கும் என்று பார்க்க, மைக்ரானில் உள்ள பிக்சல் அளவை 206.265-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் விகலை கிடைக்கும்.

1000 மில்லிமீட்டரில் நேரடியாக எடுத்தால் சட்டம் 77 கலை அகலம், 51 கலை உயரம், பிக்சலுக்கு 0.77 விகலை. வியாழன் 43 பிக்சல்தான். மங்கல் 2.8 விகலை என்னும்போது அளவெடுப்புக்கு இதுவே போதுமானது என்று சொல்லிவிடலாம். ஆனால் காற்று எல்லாக் கணத்திலும் ஒரே மாதிரி அலைவதில்லை. நூறு படத்தில் சில கூர்மையாக வரும். அந்தச் சிலவற்றைப் பயன்படுத்திக்கொள்ள இன்னும் நுண்ணிய பிக்சல் வேண்டும்.

அதிகபட்சம் எவ்வளவு போகலாம்? இங்கேதான் 6 கலை வந்து நிற்கிறது. இரண்டு கோளும் மட்டும் என்றால் 7 கலை அகலம் போதும். ஆனால் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் படத்தில் வேண்டும் என்பது என் விருப்பம். அவற்றில் கலிஸ்டோ 19 லட்சம் கிலோமீட்டர் வரை விலகும், வியாழன் அன்று 88 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது, வகுத்தால் 7.3 கலை. அதாவது கலிஸ்டோ தன் சொந்தக் கோளிலிருந்து, சனி தெரிவதைவிடத் தள்ளியே நிற்கக்கூடும்! எந்தப் பக்கம் இருந்தாலும் அடங்க 15 கலை, ஓரத்தோடு 20 கலை வேண்டும். சென்சாரின் குட்டைப் பக்கத்தில் 20 கலை விழவேண்டுமென்றால் குவியத் தூரம் 2560 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

கோள்களுக்கென்று விற்கும் சிறு கேமராக்களில் பரவலான ஒரு அளவு 2.9 மைக்ரான் பிக்சல், 5.6 மில்லிமீட்டர் அகலம். 2 மடங்கு பார்லோவோடு வரும் 2000 மில்லிமீட்டரில் அதன் சட்டம் 9.6 கலைதான், இரண்டு கோளும் அடங்கும், துணைக்கோள்கள் அடங்காது. 3000-இல் 6.4 கலை, இரண்டு கோளே முழுதாக அடங்காது. வழக்கமாகக் கோள் படத்துக்கு அந்தக் கேமராதான் சரி என்பேன். அன்றைக்கு மட்டும் பெரிய சென்சார் வென்றது.

பார்லோ போடுவதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பல டாப்சோனியன்களில் குவியப்புள்ளி குழாய்க்கு வெளியே போதுமான தூரம் வராது. டிஎஸ்எல்ஆரின் சென்சாரோ மவுண்ட்டிலிருந்து 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. குவிப்பைச் சரிசெய்யும் ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் கூர்மை கிடைக்காது. பார்லோ குவியத்தை வெளியே தள்ளிக் கொடுக்கும்.

ஆனால் 2 மடங்கு என்று எழுதியிருப்பதை நம்பக்கூடாது. பார்லோவுக்கும் சென்சாருக்கும் நடுவே தூரம் கூடினால் மடங்கும் கூடும். உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க வானமே அளவுகோல் தருகிறது. ஓரியன் இடுப்புப் பட்டையின் மிண்டாக்கா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டில் இருக்கிறது. தொலைநோக்கியை அசையாமல் விட்டால் அது நொடிக்கு 15.04 விகலை நகரும். கேமராவின் நீண்ட பக்கத்தை அது கடக்க எடுத்த நேரம் 138 நொடி. 138-ஐ 15.04-ஆல் பெருக்கினால் 2076 விகலை. 6000 பிக்சலால் வகுத்தால் பிக்சலுக்கு 0.346. திருப்பிப் போட்டால் குவியத் தூரம் 2218 மில்லிமீட்டர். பார்லோ உண்மையில் 2.2 மடங்கு, குவிய விகிதம் (குவியத் தூரத்தை ஆடியின் அகலத்தால் வகுத்தது) 11, அதாவது எஃப்/11. 2560 என்ற எல்லைக்குள் இருக்கிறது. வியாழன் 96 பிக்சல், சனி வளையத்தோடு 101 பிக்சல், நடுவே 1075 பிக்சல்.

வீடியோ எடுப்பதா, படமாகச் சுடுவதா என்பதையும் இதே எண்கள் தீர்த்துவைத்தன. முழு எச்.டி. வீடியோவில் 6000 பிக்சல் 1920 ஆகச் சுருங்கும். வியாழன் வெறும் 31 பிக்சல் ஆகிவிடும். சில கேமராக்களில் சென்சாரின் நடுவிலிருந்து 640 பிக்சல் அகலத்தைச் சுருக்காமல் எடுக்கும் வசதி உண்டு; அதன் அகலம் 3.7 கலை. ஒரு கோளுக்கு அருமையான வசதி, 6 கலைக்கு உதவாது. எனவே லைவ் வியூவில், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), தொடர்ச்சியாகச் சுடுவது என்று முடிவாயிற்று.

வெளிச்சம்

எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. கோள்களின் வெளிச்சம் என்பது சூரிய வெயில்தான். ஆகவே ஃபிலிம் காலத்து 'சன்னி 16' விதியையே நீட்டிக்கொண்டு போகலாம். நல்ல வெயிலில் எஃப்/16-இல் ஷட்டர் நேரம், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ்: ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/400 நொடி.

வியாழன் சூரியனிலிருந்து, பூமியைப் போல் 5.1 மடங்கு தூரத்தில் இருந்தது. வெயில் தூரத்தின் வர்க்கப்படி குறையும்: 26 மடங்கு. 1/400 நொடி 1/15 ஆகிறது. விதி 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் பரப்புக்கானது, வியாழன் ஏறக்குறைய 50 விழுக்காடு திருப்புகிறது, எனவே 2.8-ஆல் வகுத்தால் 1/43. எஃப்/16-க்குப் பதில் எஃப்/11 என்பதால் இன்னும் 2.1-ஆல் வகுக்க 1/91. கடலோர ஊரில் மூன்று மடங்கு காற்றைத் தாண்டி வருவதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும் என்று வைத்தால் 1/45. நாம் இருக்கும் தூரம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விலகிப் போனால் கோள் சிறியதாகும். அதன் பரப்பின் வெளிச்சம் குறையாது.

சனி சூரியனிலிருந்து 10 மடங்கு தூரம். வெயில் 100 மடங்கு குறைவு. வியாழனோடு ஒப்பிட்டால் 3.8 மடங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்காவது அல்லது பாதியாவது). வியாழனுக்கு 1/45 என்றால் சனிக்கு 1/12.

இங்கே ஒரு தேர்வு செய்ய வேண்டியிருந்தது. அந்த வாரம் வெளிவந்த பல படங்கள் இரண்டு வெவ்வேறு எக்ஸ்போஷரை ஒட்டி, இரு கோளையும் சம வெளிச்சத்தில் காட்டின. அழகாகத்தான் இருந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அருகருகே தெரியும் இரண்டில் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ இருமடங்கு தூரத்தில், நான்கில் ஒரு பங்கு வெயிலில் கிடக்கிறது என்பதுதான் அந்த மாலையின் செய்தி. சனி வெளிச்சம் குறைந்து இருப்பது அந்த 73 கோடி கிலோமீட்டர் இடைவெளியின் பதிவு. அதைச் சமப்படுத்தினால் இரண்டும் ஒரே தூரத்தில் தொங்கும் பொம்மைகளாகிவிடும். இன்றைய சென்சார் இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தை ஒரே சொடுக்கில் எளிதாகத் தாங்கும். எனவே ஐ.எஸ்.ஓ. 800, 1/50 நொடி. வியாழன் நடுச்சாம்பலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மேலே, சனி ஒரு ஸ்டாப் கீழே. ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) எதுவும் வெட்டுப்படாது. 7 மணிக்கு காற்று இன்னும் தடித்துவிடும் என்பதால் அரை ஸ்டாப் கூட்ட இடம் வைத்தேன்.

அந்த 1/50 நொடி நகர்வுக்கும் பொருந்துகிறதா? வான நடுக்கோட்டுக்கு 20½ பாகை தெற்கே இருக்கும் கோள் நொடிக்கு 14.1 விகலை நகரும், பிக்சலில் 41. 1/50 நொடியில் 0.8 பிக்சல். மங்கல் 8 பிக்சல் அகலம் இருக்கும்போது இது ஒரு பொருட்டே அல்ல. மோட்டார் இல்லாமலேயே எடுக்கலாம் என்று அப்போதுதான் உறுதியானது.

டைட்டன் மட்டும் கைவிட்டுப் போனது. சனியின் அந்தப் பெரிய துணைக்கோள், வியாழனின் துணைக்கோளான கனிமீடைவிடச் சுமார் 20 மடங்கு வெளிச்சம் குறைவு. கனிமீடே 1.2 விகலைப் புள்ளி. மங்கலில் பரவி அதன் வெளிச்சம் ஐந்தாறு மடங்கு நீர்த்துவிடும். அது 1/50-இல் மெலிதாக விழும்; 1/8 நொடியில் நன்றாகத் தெரியும், 5 பிக்சல் இழுபடும், பரவாயில்லை. டைட்டனுக்கு அரை நொடிக்கு மேல் வேண்டும். அரை நொடியில் எல்லாமே 20 பிக்சல் கோடாகிவிடும். மோட்டார் மவுண்ட் வைத்திருப்பவர்கள் முயலலாம்.

குவிப்பு

எஃப்/11-இல் குவிப்பு எளிது என்று பரவலாக நினைக்கிறார்கள். சென்சார் இருக்கும் இடத்தில் பார்த்தால் அது உண்மை: இருபுறமும் 0.13 மில்லிமீட்டர் வரை பிசகலாம். ஆனால் ஃபோகஸர் திருகை நகர்த்தும்போது பார்லோவும் கேமராவும் சேர்ந்தே நகர்கின்றன. அப்போது கணக்கு ஆடியின் எஃப்/5-க்கு உரியது, பிசகு 0.027 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதனால் வியாழனின் விளிம்பைப் பார்த்துத் திருகுவதை நம்பாமல், பாட்டினோவ் மறைப்பைப் (குவிப்பு சரியா என்று ஒளிக்கோடுகளால் காட்டும், கீற்றுகள் வெட்டிய மூடி) பொருத்தித் துணைக்கோள் புள்ளிகளை வைத்துக் குவித்தேன். மாலையில் காற்று குளிரக் குளிரக் குழாய் சுருங்கும். இடையில் மறுபடி பார்ப்பது அவசியம்.

எத்தனை படத்தை அடுக்கலாம்?

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் (படத்தில் வரும் புள்ளிப் பிசிறு) எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி குறையும். நூறு படம் அடுக்கினால் பத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் 50 நிமிடம் முழுக்க எடுத்ததை எல்லாம் அடுக்கிவிடலாமே என்று தோன்றும். மூன்று கடிகாரங்கள் அதைத் தடுக்கின்றன.

ஒன்று, வியாழன் தன்னைத்தானே 9 மணி 55 நிமிடத்தில் சுற்றுகிறது. வட்டின் நடுவில் நிமிடத்துக்கு 0.18 விகலை, அரைப் பிக்சல். இரண்டாவது, அன்றைக்கே உரிய கடிகாரம்: நாளுக்கு 6 கலை என்பது நிமிடத்துக்கு 0.25 விகலை. அரை மணி நேரத்தில் சனிக்கு எதிராக வியாழன் 22 பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு கோளை வைத்து வரிசைப்படுத்தினால் மற்றது கோடாகும். மூன்றாவது, டாப்சோனியனை மறுபடி மறுபடி திருப்பிக் குறிவைக்கும்போது சட்டம் வானத்தோடு ஒப்பிட்டால் சுழல்கிறது. அந்த உயரத்தில், அந்தத் திசையில் மணிக்கு 7 பாகை. அரை மணியில் 3½ பாகை. 1075 பிக்சல் தள்ளி நிற்கும் கோளுக்கு அது 65 பிக்சல் பிசகு.

சரி, நான்காவதாக டாப்சோனியனின் சொந்தக் கடிகாரம். கேமராவின் நீண்ட பக்கம் கோள்களின் நகர்வுக்கு இணையாக இருந்தால், இரண்டும் சேர்ந்து சட்டத்துக்குள் இருக்கும் நேரம் சுமார் 2 நிமிடம். அதற்குள் வியாழன் சுழல்வது ஒரு பிக்சல், கோள்கள் ஒன்றையொன்று கடப்பது ஒன்றரைப் பிக்சல். மோட்டார் இல்லாததால் வந்த எல்லையும் வானம் விதித்த எல்லையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. கோள்கள் சட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு கடப்பையும் தனி அடுக்காக வைத்துக்கொண்டு, மிகக் கூர்மையான கடப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது இதிலிருந்து தானாக வந்த முடிவு. கடப்புகளை ஒன்றோடொன்று சேர்ப்பதில் லாபமில்லை.

கார்டில் வந்தவை

6:20-ஐ ஒட்டிய கடப்புதான் தேறியது. வியாழனின் இரண்டு பட்டைகள் தெளிவு. சனியின் வளையம் உருண்டையிலிருந்து பிரிந்து தெரிந்தது. வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளி தெரியவில்லை, 2.8 விகலை மங்கலில் அது தெரியவும் நியாயமில்லை. துணைக்கோள்களுக்காக 1/8 நொடியில் எடுத்த தனிப் படங்களில் அவை சிறு கோடுகளாக வந்தன. பிரதான படத்தோடு அவற்றைச் சேர்க்காமல் பக்கத்தில் தனியாக வைத்தேன்.

இரண்டு கோளுக்கும் மேல் விளிம்பில் நீலமும் கீழ் விளிம்பில் சிவப்பும் இருந்தன. 20 பாகை உயரத்தில் காற்று ஒளியை 160 விகலை வளைக்கிறது. நீலத்தைச் சிவப்பைவிட ஏறக்குறைய 2.2 விகலை கூடுதலாக வளைக்கும். அது 6 பிக்சல். மென்பொருளில் சிவப்புத் தளத்தை 3 பிக்சல் மேலேயும் நீலத் தளத்தை 3 பிக்சல் கீழேயும் பச்சையோடு பொருத்தியதும் விளிம்பு சுத்தமானது. கோள் படம் எடுக்கும் பலர் இதைக் குவிப்புக் கோளாறு என்று நினைத்துத் திருகோடு போராடுகிறார்கள். நிறம் எப்போதும் செங்குத்தாகவே பிரிந்தால் காரணம் காற்றுதான்.

ரா கோப்பில் வியாழனின் நடுப்பகுதியையும் சனியின் உருண்டையையும் அளந்தபோது வித்தியாசம் நான்கு மடங்கை ஒட்டியே வந்தது. அதன் வர்க்கமூலம் 2: சூரியனிலிருந்து சனி, வியாழனைப் போல் இரு மடங்கு தூரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்புவதால் இது பொருந்துகிறது. படம் அழகாக வந்ததைவிட இந்த எண் வந்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி.

அடுத்த நெருக்கம் 2040 கடைசியில். அப்போது இடைவெளி ஒரு பாகைக்குச் சற்று மேல், இதைப் போல் பத்து மடங்குக்கு மேல். இதே சென்சாரில் இரண்டு கோளும் நீண்ட பக்கத்தில் ஓரத்தோடு அடங்க ஒன்றரை பாகை வேண்டும் என்று வைத்தால் குவியத் தூரம் 850 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பார்லோவுக்கு இடமில்லை, 80 மில்லிமீட்டர் வகைச் சிறிய லென்ஸ் தொலைநோக்கிதான் அதற்குப் பொருத்தம். பிக்சலுக்கு 0.9 விகலை, வியாழன் 40 பிக்சலுக்கும் குறைவு. சனிக்கும் வியாழனுக்கும் இடையிலான இரண்டு ஸ்டாப் கணக்கு அப்போதும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.